துப்பறிவாளர் வாசிக்காத தடயம்

சில மாதங்களுக்கு முன் கண்டி நகரில் நடைபெற்ற ஓர் இலக்கிய ஒன்றுகூடலில், மர்ம நாவல்கள் சிலவற்றை எழுதிப் பெயர் பெற்ற அன்பர் ஒருவர் தம் படைப்புகளுக்குச் சமூகப் பயன் கற்பித்துப் பேசினார். போதைப்பொருளின் கொடுமையை இன்றைய இளைஞர்க்கு உணர்த்த வல்லது துப்பறியும் நாவலே என்றார். முற்போக்காளர் எழுதும் ‘அழுகைக் கதை’களை எந்த மாணவனும் தொடுவதில்லை என்றார். தம்முடைய புதிய நாவலில் ஹெரோயின் கும்பல் ஒன்றைப் பொலிஸ் அதிகாரி ஒருவன் தன்னந்தனியனாய் நின்று வேரறுப்பதாகவும் கூறினார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. பின்வரிசையில் இருந்த என் மாணவர் இருவர் கூட்டம் முடிந்ததும் அந்நாவலை விலை கொடுத்து வாங்கினர். நானும் வாங்கினேன். இரவோடிரவாக வாசித்து முடித்தேன் என்பதையும் ஒளியாமல் கூறிவிடுகிறேன். எடுத்த புத்தகத்தைக் கீழே வைக்கவிடாத ஆற்றல் அவ்வன்பரிடம் உண்டு.

நூலின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஒரு நூலோடு மட்டும் எனக்குப் பிணக்கிருந்தால் அதை நேரிலேயே பேசித் தீர்த்துக்கொண்டிருப்பேன். என் பிணக்கு அந்தக் கைதட்டலோடு. போதைப்பொருள் பற்றி நம் வாசகன் எதைக் கேட்டு மகிழ விரும்புகிறான், எதைக் கேளாமலே இருந்துவிட விரும்புகிறான் என்பதை அது எனக்குக் காட்டிற்று.

முதலில் நம்மவர் பக்கத்துத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வோம். மர்ம நாவல் என்றதும் மூக்கைச் சுளிப்பது முற்போக்கு எழுத்தாளரிடையே நெடுங்காலமாக ஒரு சடங்காகவே இருந்துவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தவற்றை ‘நச்சிலக்கியம்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டு, அவற்றை ஏன் அத்தனை பேர் விரும்பிப் படித்தனர் என்ற வினாவைத் தொடாமலே விட்டோம். பேராதனையில் தமிழ் படித்த நாள்களில் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஆனால் ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமே எங்கள் கண்டியோடும் ஒரு சாகசக் கதையோடும் அன்றோ பிணைந்திருக்கிறது? கண்டியிற் பிறந்து, சட்டத் தொழில் புரிந்து, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையையும் நடத்திய சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய சரித்திரம்’, எகிப்திலே கடத்தப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையின் கதை. நம்முடைய முன்னோர் விறுவிறுப்பை இழிவாகக் கருதியவர் அல்லர். மறைந்து கிடப்பதை மனித அறிவு வெளிக்கொணரும் என்ற நம்பிக்கையே துப்பறியும் கதையின் உயிர். அந்த நம்பிக்கை நமக்கும் உரியதே. கதை எந்த இடத்தில் விசாரணையை நிறுத்திக்கொள்கிறது என்பதில்தான் சண்டை.

போதைப்பொருள் பற்றிய மர்மக் கதையின் கட்டுக்கோப்பு ஏறத்தாழ மாறாத ஒன்று. நள்ளிரவில் கரையை நெருங்கும் ஒரு படகு, அல்லது துறைமுகத்தில் ஒரு கொள்கலன். அதற்குள்ளே தூள் அடைத்த பொதிகள். முகத்தில் தழும்போடு ஒரு தலைவன். அவனிடம் விலைபோன ஓர் அதிகாரி. விலைபோகாத ஒரு கதாநாயகன். இறுதி அத்தியாயத்தில் தலைவன் வீழ்கிறான், பொதிகள் எரிகின்றன, வாசகன் நிம்மதியாக உறங்கப் போகிறான். 2019இல் வந்த ‘கைதி’யையும் 2022இல் வந்த ‘விக்ர’மையும் என் வகுப்புப் பையன்கள் வசனம் வசனமாக ஒப்புவிப்பார்கள். யாப்பிலக்கணம் கேட்டால்தான் வாய் திறவாது. அப்படங்களையும் நான் பார்த்தேன். ஆங்காங்கே ரசித்தேன். ஆயினும் இந்தக் கதையுலகில் அந்தத் தூளை உட்கொள்பவன் எங்கே? பிணமாகவோ, பின்புலத்தில் தள்ளாடும் நிழலாகவோ வந்து போகிறான். அவன் முதன்முதலில் ஏன் கை நீட்டினான், எந்த வேலைக்கும் எந்த வீட்டுக்கும் இடையில் அகப்பட்டுக் கிடந்தான் என்று துப்பறிவாளன் கேட்பதேயில்லை. பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் கேட்பதில்லை. தலைவனுடைய மாளிகை வாசலோடு அவன் கால் ஓய்ந்துவிடுகிறது. வங்கியின் வாசல்வரை நடந்த துப்பறிவாளனை இவ்வகைத் தமிழ்க் கதை எதிலும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆங்கிலத்தில் துப்பறியும் நாவல் பிறந்தபோது அது இத்துணைக் குருடாக இருக்கவில்லை என்பது வியப்புக்குரியது. வில்கி கொலின்ஸ் 1868இல் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ அவ்வகையின் முன்னோடி என்று எண்ணப்படுவது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலப் படையதிகாரி ஒருவன் கொள்ளையிட்ட இந்திய வைரம் ஒன்று இங்கிலாந்தின் செல்வ மாளிகை ஒன்றில் ஒரே இரவில் காணாமற் போகிறது. சார்ஜன்ட் கஃப் என்ற புகழ்பெற்ற துப்பறிவாளர் வருகிறார், தவறான முடிவுக்குப் போகிறார், பின் ரோஜாச் செடி வளர்க்கப் போய்விடுகிறார். (நம்முடைய கதாநாயகர்களுக்கும் இத்தகைய பொழுதுபோக்கு ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும்.) திருடனைப் பிடிப்பதில் மற்றெல்லோரையும்விட முனைப்பாக நிற்பவன் பிராங்க்ளின் பிளேக் என்ற இளைஞன். வைரத்தை எடுத்தவனோ அவனேதான்! அவன் அறியாமல் ஒரு வைத்தியர் அவனுக்குக் கொடுத்த அபின் கரைசலின் மயக்கத்தில் எடுத்துவிட்டு, விடிந்ததும் மறந்துவிட்டான். இந்த உண்மையைக் கண்டுபிடிப்பவர் யார்? தீராத வலிக்காக அபினுக்கு அடிமைப்பட்டு, ஊராரால் வெறுக்கப்படும் எஸ்ரா ஜென்னிங்ஸ் என்ற வைத்திய உதவியாளர். மயங்கிக் கிடந்தவனிடமிருந்து வைரத்தைப் பெற்று, திருப்பித் தராமல் அடகு வைத்தவன் யார்? அறப்பணிச் சங்கங்களின் மேடைதோறும் முழங்கிய கொட்ஃப்ரி ஏபிள்வைட் என்ற கனவான்.

தேடுகிறவனே குற்றத்தில் பங்காளி. போதைக்கு அடிமையானவனே உண்மையை அறிந்தவன். இலாபம் அடைந்தவனோ தர்மவான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மர்ம நாவல் இவ்வளவையும் கண்டுவிட்டது. கொலின்ஸே வலிக்காக அபின் கரைசல் அருந்திவந்தவர், ஆதலால் அவருக்கு அது தெரிந்திருந்தது. அபினைக் கண்ட கடையிலும் விற்க இயலாதபடி பிரித்தானியாவில் மருந்தகச் சட்டம் வந்ததும் அதே 1868ஆம் ஆண்டில்தான்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1867, எங்கள் மலைகளின் ஆண்டு. கண்டிக்கு அப்பால், ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பாடநூலில் இவ்வளவும் இருக்கிறது. இதனை மாணவர்க்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும், சொல்லாமல் விடப்படும் பாதிக் கதை எனக்கு உறுத்தும். ஆங்கிலேயன் தேயிலை குடிக்கப் பழகிய காலத்தில் அது சீனத்துப் பண்டம். சீனனோ வெள்ளியைத் தவிர வேறொன்றையும் விலையாக ஏற்க மறுத்தான். வெள்ளி கொடுத்து மாளாத கிழக்கிந்தியக் கம்பனி, வங்காளத்திலும் பீகாரிலும் குடியானவரைக் கொண்டு கசகசாச் செடியைப் பயிரிடுவித்தது. பாட்னாவிலும் காஸிப்பூரிலும் தன் ஆலைகளில் அதன் பாலை அபின் உருண்டைகளாக்கிக் கல்கத்தாவில் ஏலத்துக்கு விட்டது. தனியார் வணிகரின் கப்பல்கள் அதைக் காந்தோனுக்குச் சுமந்தன. அபின் விற்ற வெள்ளியே தேயிலைக்கு விலையாயிற்று. பின்னர் இலங்கையில் கோப்பியை நோய் தின்று, தேயிலை மலையேறியபோது, அதனை வாங்கக் காத்திருந்த சந்தை அந்த அபினால் ஊட்டி வளர்க்கப்பட்ட சந்தை. நம் பாட்டிமார் முதுகில் கூடை சுமந்து பறித்த கொழுந்துக்கும் கசகசாப் பாலுக்கும் இப்படியொரு இரத்த உறவு உண்டு.

அபின் நெருக்கடியை நேருக்கு நேர் எதிர்கொண்ட மெய்யான புலனாய்வாளர் ஒருவரைச் சரித்திரத்தில் காட்டு என்று என்னைக் கேட்டால், லின் சேசூவைக் காட்டுவேன். 1839இல் சீனப் பேரரசரின் ஆணையாளராகக் காந்தோனுக்கு வந்த அவர், முதலில் நம் காலத்து அதிகாரிகள் செய்வதையே செய்தார். புகைப்போரைக் கைது செய்தார், புகைக்குழாய்களைப் பறித்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்நிய வணிகரின் பண்டசாலைகளை முற்றுகையிட்டு, 20,000க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைப் பெற்று, ஹூமன் கடற்கரையில் வாரக்கணக்காக நின்று அழித்தார். விக்டோரியா அரசிக்குக் கடிதமும் எழுதினார். பலன் என்ன? பிரித்தானியப் போர்க்கப்பல்கள் வந்தன. 1842இல் நான்கிங் உடன்படிக்கை ஹொங்கொங்கைப் பறித்தது. லின் பதவி பறிக்கப்பட்டு, மேற்கெல்லையிலுள்ள ஈலிக்கு நாடு கடத்தப்பட்டார். அபின் வணிகரிற் பெரியவராகிய வில்லியம் ஜார்டினோ 1841இல் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினரானார். விசாரணை மேல்நோக்கித் திரும்பினால் துப்பறிவாளனுக்கு நேர்வது இது. பதக்கம் பெறும் கதாநாயகர்களைப் படைக்கும் நம் நாவலாசிரியர்கள் இதனையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இலங்கையிலும் அபின் ஒளிந்து வந்த பொருள் அன்று. குடியேற்ற அரசாங்கத்தின் உரிமம் பெற்ற கடைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அது விலையாயிற்று. சாராயத்தைப் போலவே கருவூலத்துக்கு வருமானம் ஈட்டிற்று. 1929இல் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் தலைகாட்டியது. 1984இல் அச்சட்டத்தைத் திருத்தி, இரண்டு கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் என்றார்கள். இரண்டு கிராம்! ஒரு தேக்கரண்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. இவ்வளவு சிறிய அளவுகோலில் அகப்படுபவன் கப்பலின் சொந்தக்காரனாக இருப்பானா, தன் தேவைக்காகத் தெருவில் சில்லறை விற்பவனாக இருப்பானா என்பதற்குத் துப்பறிய வேண்டியதில்லை. 1976க்குப் பின் ஒருவரையும் தூக்கிலிடாத இந்நாட்டில், 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையில் கையெழுத்திட்டதாக அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். தூக்கிலிடும் வேலைக்கு விளம்பரம் செய்து விண்ணப்பமும் கோரியிருந்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் அந்த அத்தியாயமும் எழுதப்பட்டிருக்கும்.

அரசு மர்ம நாவல் எழுதத் தொடங்கிவிட்டது என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. 2023 டிசம்பர் 17ஆம் திகதி ‘யுக்திய’ என்ற பெயரில் தொடங்கிய நடவடிக்கையை நினைவுகூர்வீராக. யுக்திய என்றால் நீதி. விடியற்காலையில் நாய்களோடும் தொலைக்காட்சிக் கமராக்களோடும் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நுழைந்து, மக்களைத் தெருவில் மண்டியிடச் செய்து, அதை இரவுச் செய்தியில் நாட்டுக்குக் காட்டினார்கள். ஒரு மாதம் நிறைவதற்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதாகியிருப்பதாகக் கூறி ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2024 ஜனவரியில் கவலை தெரிவித்தது. நிரம்பி வழிந்த சிறைகள் மேலும் நிரம்பின. பத்திரிகைகள் நாள்தோறும் எண்ணிக்கையை ஓட்டப் பந்தயம்போல் வெளியிட்டன. எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அதை வாசித்து, “இப்பொழுதுதான் நாட்டுக்கு ஒரு ஆண்மகன் கிடைத்தான்” என்று மகிழ்ந்தவர்கள் படியாதவர்களா? பட்டதாரிகள்!

அந்த நாவலின் கதாநாயகருக்கு நேர்ந்ததையும் கூறவேண்டும். நடவடிக்கையை முன்னின்று நடத்திய தேசபந்து தென்னக்கோன் 2024இல் பொலிஸ் மா அதிபரானார். அவ்வாண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பதவியிற் செயற்படுவதை இடைநிறுத்தியது. 2023 இறுதியில் வெலிகமவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூடு தொடர்பாக 2025இல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது, நாடு முழுவதும் வீடு வீடாகத் தேடுதல் நடத்தியவரையே பொலிஸார் தேடித் திரிந்தனர். மார்ச் 19ஆம் திகதி அவர் மாத்தறை நீதிமன்றத்தில் வந்து நின்றார். ஆகஸ்ட்டில் பாராளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. துப்பாக்கிச் சூட்டு வழக்கின் முடிவை முன்கூட்டித் தீர்ப்பது என் வேலையன்று. நான் கேட்பது வேறு. மண்டியிட்ட அந்த ஆயிரக்கணக்கானவரின் படங்கள் ஒளிபரப்பான அதே நேரத்தில், ஒளிபரப்பாக வேண்டிய வேறொரு படம் ஏதேனும் இருந்ததா? ஏதேனும் ஒரு வங்கிக் கணக்கு, ஏதேனும் ஓர் இறக்குமதிப் பதிவேடு?

எங்கள் நகரத்தின் நாவில் மஹய்யாவை என்ற பெயர் பாதி வசையாகவே புழங்குகிறது. வெள்ளையர் காலத்தில் நகரத்தின் கழிவை அகற்றுவதற்கென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் அங்கே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். தலதா மாளிகை வீதி விடியுமுன் தூய்மையாக இருப்பது அவர்கள் கையால். அவ்விடத்துப் பையன் ஒருவன் வேலைக்கு விண்ணப்பித்தால், முகவரியைக் கண்டதுமே ‘தூள்காரன்’ என்று முடிவுகட்டும் கனவான்கள் இங்குண்டு. அங்கே போதைப்பொருள் இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. இருக்கிறது, அதன் துன்பத்தை முதலில் அனுபவிப்போரும் அவர்களே. ஆனால் உலகத்தின் மிகப் பெரிய அபின் குடும்பம் ஒன்றின் முகவரியை எடுத்துப் பாருங்கள். நியூயோர்க்கின் மெட்ரோபொலிற்றன் கலைக்கூடத்து மண்டபங்களில் அதன் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

அதுவே சாக்லர் குடும்பம். அவர்களுக்குச் சொந்தமான பேர்டூ பார்மா கம்பனி 1996இல் ஒக்சிகொன்டின் என்ற வலிநிவாரணியைச் சந்தைக்கு விட்டது. அபினின் வழித்தோன்றல் அது. அடிமைப்படும் ஆபத்து மிகச் சொற்பம் என்று வைத்தியர்களை நம்பவைக்க விற்பனையாளர் படையொன்றை ஏவினார்கள். மருந்தைப் பொய்யாக விளம்பரப்படுத்திய குற்றத்தைக் கம்பனி 2007இல் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது. 2020இல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. குடும்பம் கம்பனியிலிருந்து எடுத்துக்கொண்ட பணம் 1,000 கோடி டொலருக்கும் மேல். மருந்துக் குளிசையில் தொடங்கியவர்கள் ஹெரோயினுக்கும், பின் பென்ரனிலுக்கும் தள்ளப்பட்டார்கள். 2021இல் மட்டும் அளவுமீறிய போதையால் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாக்லர் குடும்பத்தவர் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. கலைக்கூடம் 2021இல் பெயரை மட்டும் அழித்தது. கொட்ஃப்ரி ஏபிள்வைட்டைக் கற்பனை செய்த கொலின்ஸுக்கு இது வியப்பாக இருந்திராது.

அந்த நெருக்கடியைத் துருவியவர்களுள் ஒருவர் கையில் துப்பாக்கி இல்லாதவர். மேற்கு வேர்ஜீனியாவில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் நிருபராகிய எரிக் ஐயர். நிலக்கரிச் சுரங்கங்கள் நலிந்து, முதுகெலும்பு தேய்ந்த தொழிலாளர் நிறைந்த மாநிலம் அது. நம் தோட்டப்புறத்தாருக்கு அந்நியமான இடமன்று. எந்தக் கும்பல், எந்தத் தலைவன் என்று அவர் அலையவில்லை. எந்த மருந்தகத்துக்கு எத்தனை குளிசைகள் போயின என்ற விநியோகக் கணக்கை நீதிமன்றத்தின் வழியே கேட்டுப் பெற்றார். ஆறு ஆண்டுகளில் அச்சிறு மாநிலத்துக்குள் 78 கோடி குளிசைகள் கொட்டப்பட்டிருந்தன. கெர்மிட் என்ற ஊரில் 392 பேர் வாழ்ந்தார்கள். அவ்வூரின் ஒரு மருந்தகத்துக்கு இரண்டே ஆண்டுகளில் வந்து இறங்கியவை ஏறத்தாழ 90 லட்சம். இந்தத் தொடர் 2017இல் புலிட்சர் பரிசு பெற்றது. 392, 90 லட்சம் என்ற அவ்விரண்டு எண்களில் இருக்கும் மர்மமும் திகிலும் எந்தக் கொள்கலனில் இருக்கிறது?

இவ்வளவும் பேசுகின்ற நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும்.

நான் கற்பித்த பாடசாலை ஒன்றில், பதினோராம் தரத்து வகுப்பில் குளிசை புழங்குகிறது என்ற தகவல் வந்தது. ஒழுக்காற்றுக் குழுவில் நானும் ஒருவன். ஒரு காலை கதவைச் சாத்திக்கொண்டு மூன்று ஆசிரியர்கள் புத்தகப்பைகளை ஒவ்வொன்றாக மேசையிற் கவிழ்த்தோம். உண்மையைச் சொன்னால், அந்த அரை மணி நேரத்தில் எனக்குள் ஓர் உவகை இருந்தது. சிறு வயதில் வாசித்த சங்கர்லாலின் உவகை அது. ஒரு பைக்குள்ளிருந்து ஓர் உணவுப் பெட்டியும், இரண்டு கொப்பிகளும், கிழிந்த மர்ம நாவல் ஒன்றும், நான்கு குளிசைகள் எஞ்சிய ஒரு தகட்டு அட்டையும் விழுந்தன. ஹெரோயின் அன்று. நரம்பு வலிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் ப்ரெகபலின். அபின் இனத்தைச் சேராதது எனினும், இன்று நம் நகரங்களில் அதே தெருவில் அதே கைகளால் விற்கப்படுவது.

“யார் கொடுத்தது?” என்று கேட்டோம். ஏழெட்டு முறை கேட்டோம். பையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர் சோர்ந்தபின் நான் அவனை ஜன்னலோரம் அழைத்துத் தோளில் கை வைத்துக் கேட்டேன். என் மீது அவனுக்குப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தைச் சாவியாகத்தான் பயன்படுத்தினேன். சந்தைப் பக்கம் மூட்டை தூக்கும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் பெயரைச் சொன்னான். அப்பெயர் அன்று மாலையே பொலிஸுக்குப் போயிற்று. மூட்டை தூக்கியவன் விளக்கமறியலுக்குப் போனான். அவனும் அதையே விழுங்கிக்கொண்டிருந்தவன் என்பது பின்னர்தான் தெரிந்தது. என் மாணவனுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் விடுகைப் பத்திரம் கொடுக்கப்பட்டது. குழுவின் அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அவனுடைய பாட்டி நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 1,000 ரூபா நாட்சம்பளத்தை 2021இல் பெறுவதற்கே ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்த தொழிலில் ஒரு குடும்பத்தை நடத்த முடியாது என்று கண்டு, தாய் வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பையன் பின்னேரங்களில் நகரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினான். ஜன்னலோரத்தில் அவன் பெயரைச் சொல்லுமுன் வேறொன்றும் சொன்னான்: “போட்டா ஒன்னும் யோசன வராது சேர். தூங்கிறலாம்.” அதை நாங்கள் அறிக்கையில் எழுதவில்லை. அது தடயமாக எங்களுக்குத் தோன்றவில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் சிகிச்சை நிலையம் நடத்துகிறது என்ற செய்தியையும் பாட்டியிடம் ஒருவரும் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “நல்லது ஐயா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பறிமுதலான நாவல் தமிழாசிரியன் என்ற முறையில் என் கைக்கு வந்தது. பல நாள் கழித்து அதைத் திறந்தபோது, பாதிப் பக்கங்களுக்கு அப்பால் அடையாளமாகச் செருகியிருந்தது வெறுமையான வேறொரு தகட்டு அட்டை. பொலிஸார் கொண்டுபோகாதது அது ஒன்றே. அதன் பின்புறத்தை அப்பொழுதுதான் வாசித்தேன். உற்பத்தி செய்த கம்பனியின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, வைத்தியரின் பரிந்துரையின்றி விற்கலாகாது என்ற எச்சரிக்கை. அத்தனையும் தெளிவான அச்சில்! மூன்று பட்டதாரிகள் அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றோம். ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அறிமுகமான பாமசிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய், இந்த இலக்கத்தைக் கொண்டு வந்த வழியை அறிய முடியுமா என்று கேட்டேன். இறக்குமதியாளர் யார், அவர் யாருக்கு விற்றார் என்பதற்கெல்லாம் பதிவு இருக்கவேண்டும் என்றார். “ஆனால் இவ்வளவு காலத்தில் இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்” என்றார்.

மர்ம நாவலாசிரிய அன்பருக்கு நான் விடுக்கும் சவால் இதுவே. உங்கள் விறுவிறுப்பை எங்களுக்காகக் குறைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த நாவலை அந்த அட்டையின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் அதிகாரி சந்தையில் மூட்டை தூக்குபவனைக் கடந்து, பாமசியைக் கடந்து, மொத்த வியாபாரியின் பண்டசாலையைக் கடந்து, இறக்குமதி அனுமதியில் கையெழுத்திட்டவரின் அறைவரை போகட்டும். அங்கே அவனுக்கு லின் சேசூவின் கதி நேருமா, வேறெதுவும் நேருமா என்று அறிய நானும் இரவு முழுவதும் விழித்திருந்து வாசிப்பேன். இன்னோர் அத்தியாயத்தில் அவன் புற்றுநோய்க் கூடத்தையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். உலகில் விநியோகமாகும் மோர்ஃபின் வகை மருந்துகள் ஏறத்தாழ 300 தொன்னில், மிக வறிய நாடுகள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரு தொன்னின் பத்தில் ஒரு பங்கே என்று 2017இல் ‘லான்செற்’ மருத்துவ ஏட்டின் ஆணைக்குழு கணக்கிட்டது. கெர்மிட்டில் வெள்ளமாக ஓடிய அதே பொருள், வலியால் துடித்துச் சாகும் ஏழைக்கு ஒரு சொட்டும் கிட்டுவதில்லை. தூளைக் கொடியவன் ஆக்கிக் காட்டும் கதை இதனை எங்ஙனம் விளக்கும்?

பையன் இப்பொழுது தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத ஆயத்தம் செய்கிறான். சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து தமிழ் படிக்கிறான். முதல் நாள் வந்தபோது பாட்டி கொடுத்தனுப்பிய பலாக்கொட்டைப் பையை மேசையில் வைத்துவிட்டு, வெகுநேரம் தயங்கி நின்று, அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டான். வாடகைக்கு எடுத்ததாம், முடிவையும் இன்னும் வாசிக்கவில்லையாம். கொடுத்தேன். பக்க அடையாளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் வைத்துக் கொடுத்தேன். அட்டை என் இழுப்பறையில் இருக்கிறது.